மைனஸ் பத்து வரைக்கும் தாங்கும்

"என்னமோ செத்துக் கெடக்கு," என்றார் லூர்துநாதன்.

"ஒண்ணும் சாகல. நீங்க பேப்பரைப் படிங்க."

"இந்த நாத்தத்துல எங்கிட்டுப் படிக்கிறது? எலியா பெருச்சாளியான்னு எந்திரிச்சுப் பாரு செபஸ்தி."

செபஸ்தியம்மாள் எழுந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் நீல நிறத்தில் ஒரு பை, ஆள் நீளத்துக்கு விரிந்து கிடந்தது. மலையேறுகிறவர்கள் உள்ளே புகுந்து, கழுத்து வரைக்கும் ஜிப்பை இழுத்துவிட்டுத் தூங்குகிற ஸ்லீப்பிங் பேக். உள்ளே முழுக்க வாத்து இறகு. மைனஸ் பத்து டிகிரிக் குளிர் வரைக்கும் தாங்கும். நேற்றுத்தான் தேனியிலிருந்து கொண்டுவந்தாள். ராத்திரியெல்லாம் காற்றாட விட்டும் வாடை போகவில்லை.

"அது வெளிநாட்டு வாத்துங்க. அப்படித்தான் இருக்கும்."

"வாத்து எந்த நாட்டுல இருந்து வந்தா என்ன? செத்து எத்தனை நாளாச்சுன்னு கேளு."

செபஸ்தியம்மாள் ராயப்பன்பட்டிப் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து சுவரில் தொங்கும் வரைபடத்தில் இமயமலையைக் குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருப்பவள். போன வருஷம் ஏழாம் வகுப்பில் ஒரு பொடுசு எழுந்து, "டீச்சர், பனி எப்படி இருக்கும்? ஃப்ரிட்ஜுக்குள்ள அப்பியிருக்குமே, அந்த மாதிரியா?" என்று கேட்டது. "ஆமா, உக்காரு," என்று சொல்லிவிட்டாள். சொன்னது சரியா தப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ரிட்டயர் ஆவதற்குள் இமயமலையை ஒரு தரம் மிதித்துவிடுவது என்று அன்றே முடிவு செய்தாள். அவள் முடிவு செய்தால் செய்ததுதான். பங்குச்சாமியார் சொன்னாலும் மாறாது.

தேனியில் ஒரு மலையேற்றக் குழு இருந்தது. மே மாத இமயமலைப் பயணத்துக்குக் காலாண்டு லீவிலேயே ஆள் எடுத்தார்கள். குழுவை நடத்துகிற ஈஸ்வரபாண்டி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"ஒரு ராத்திரி டெஸ்டு இருக்கு மேடம். வர்ற சனிக்கிழமை, போடிமெட்டுக்கு மேல ஒரு ஏலத்தோட்டத்துல. அவங்கவங்க பையை அவங்கவங்களே முதுகுல தூக்கணும். அவங்கவங்க ஸ்லீப்பிங் பேக்லயே படுக்கணும். காலையில தும்மாம எந்திரிச்சா சீட்டு."

"தும்முனா?"

"மே மாசம் வீட்டுல மாம்பழம் சாப்பிடலாம் மேடம்."

தேனிக் கடைத்தெரு முழுக்க ஸ்லீப்பிங் பேக் கேட்டு அலைந்தாள். ஒரு கடைக்காரர் ஜமுக்காளத்தைக் காட்டினார். இன்னொருவர் கொசுவலை வைத்த குட்டி மெத்தையை எடுத்துப் போட்டு, "பேரப்பிள்ளைக்கா ஆத்தா? எத்தனை மாசம்?" என்றார். "எனக்குத்தான். அம்பத்தாறு வருஷம்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கடைசியில் கைகொடுத்தவன் ஜோஷ்வா. அவள் நாத்தனார் ஜெசியின் மகன். வருஷத்துக்கு ஒரு மலை ஏறுகிறவன். கொச்சியில் ட்ரெயினிங் என்று போயிருந்தவனைப் போனில் பிடித்தாள்.

"கொண்டு போங்கத்தை. ஆனா அது வாத்து இறகு. துவைக்கக் கூடாது. முறுக்கக் கூடாது. சூட்டுல காட்டக் கூடாது. அமுக்கிக் கட்டி வச்சா இறகு செத்துப்போகும். அதான் நான் சுருட்டவே மாட்டேன். எப்பவும் விரிச்சமேனிக்கு லூசாத்தான் இருக்கும்."

"ஏலே, இது படுக்கையா, பச்சப்புள்ளையா?"

"அதுக்கும் மேலத்தை. இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்ல. நீங்கங்கிறதால தர்றேன்."

"எங்கன இருக்கு?"

"வீட்டுப் பின்பக்கம். நீலக் கலரு. அம்மா பூசைக்குப் போயிருந்தா சாவி மல்லிகைத் தொட்டிக்கு அடியில இருக்கும்."

சாவிக்கே வேலையில்லாமல் போயிற்று. முன்கதவு பூட்டியிருக்க, செபஸ்தியம்மாள் சந்து வழியாகப் பின்பக்கம் போனாள். பின் வராந்தா பெஞ்சின் மேல் நீலப் பை, அவன் சொன்னது போலவே விரித்தமேனிக்கு லூசாகக் கிடந்தது. பெஞ்சுக்கு அடியில் அந்த வீட்டு நாய் சீசர் படுத்திருந்தது. அவள் பையில் கையை வைத்ததும் உறுமியது.

'பரவாயில்லையே, பையன் காவலுக்கு ஆள் போட்டுல்ல வச்சிருக்கான்!' என்று மெச்சிக்கொண்டாள். சந்தையில் வாங்கிய கருவாட்டில் ஒன்றை எடுத்துப் போட்டாள். சீசர் அதைத் தின்றுவிட்டு, பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் பின்னாலேயே வந்தது. ஒரு கருவாடு போட்டால் ஊர்வரைக்கும் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கொண்டுவந்த பைக்குத்தான் இந்த வாடை. ஜிப்பின் நாக்கு வேறு கடித்துத் துப்பியது போல் இருந்தது. மலையேறுகிறவன் சாமான் அப்படித்தான் இருக்கும்.

"துவைச்சிர வேண்டியதுதான்," என்றாள்.

லூர்துநாதன் பேப்பரை மடித்து வைத்தார். "துவைக்கக் கூடாதுன்னு அவன் சொன்னதா நீதான சொன்ன?"

"வாத்து எங்கங்க இருக்கு? தண்ணியிலதான இருக்கு? தண்ணி பட்டுக் கெட்டுப்போச்சுன்னா அது என்ன வாத்து?"

லூர்துநாதனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

சிமெண்ட் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, பச்சைக்குழந்தைக்குப் போடுகிற ஷாம்பூவை ஊற்றிப் பையை முக்கினாள். தண்ணீர் காப்பிக் கலரானது. பழுப்பு நிறத்தில் இழை இழையாக மிதந்தது. 'நல்ல நைஸான இறகு,' என்று அதை வடிகட்டிக் காயவைத்தாள், மறுபடி உள்ளே போடலாம் என்று.

வெளியே தூக்கும்போதுதான் தெரிந்தது. பை சினையெருமை கனம் கனத்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள்.

"முறுக்குங்க."

"முறுக்கக் கூடாதுன்னு..."

"முறுக்குங்கங்கிறேன்!"

முறுக்கினார்கள். உள்ளே இருந்த இறகெல்லாம் உருண்டு திரண்டு, தொட்டால் பை முழுக்கக் கொழுக்கட்டை கொழுக்கட்டையாக அகப்பட்டது.

வாடை கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் மலைப்பக்கமிருந்து சாரல் பிடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை காலையிலும் பை சொட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை.

"பேசாம அந்த ஈஸ்வரபாண்டிகிட்ட ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிரு. கொடைக்கானல் போனப்பவே என் சுவெட்டரையும் சேத்துப் போட்டுக்கிட்டு நடுங்குன ஆளு நீ."

"போகத்தான் போறேன்."

"இது காஞ்சாத்தான போவ?"

"காய வைக்கத்தான் போறேன். ஒங்க சிநேகிதரு நல்லகண்ணு அண்ணே போடியில ஏலக்கா ஸ்டோரு வச்சிருக்காகள்ல, போனைப் போடுங்க."

பச்சை ஏலக்காயைத் தட்டு தட்டாகப் பரப்பி, அடுப்பு மூட்டிக் குழாய் வழியாக அனல் விட்டுக் காயவைக்கிற கட்டடம்தான் ஸ்டோர். உள்ளே போனால் மூச்செல்லாம் மணக்கும்.

நல்லகண்ணு பையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "டீச்சர், காய் பாதி காய்ச்சலுல இருக்கு. இதை எங்கன போடுறது?"

"ஓரமா ஒரு மூலையில போடுங்கண்ணே. கூடிப்போனா ரெண்டு மணிநேரம். வாசனையும் ஏறிக்கிரும்."

"ஓரத்துல குழாய் போகுதே..."

"படாமப் போடுறேன்."

படாமல்தான் போட்டாள். காய்கிற பை மெல்ல மெல்ல உப்பும் என்பதை அவள் யோசிக்கவில்லை. காய்ந்தது, உப்பியது, குழாயைத் தொட்டது. நைலான் துணி சுருண்டு உருகி, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. அனல்காற்று அந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்து இறகை வெளியே ஊதியது.

கதவைத் திறந்த நல்லகண்ணு அப்படியே நின்றுவிட்டார். ஸ்டோருக்குள் பனி பெய்துகொண்டிருந்தது.

"டீச்சர்! ஏலக்காய்க்கு றெக்கை மொளைச்சிருச்சு!"

"பொறுக்கிரலாம்ணே. பதறாதீக."

"இதை ஏலத்துல வச்சா வாங்குறவன் என்னன்னு வாங்குவான்? காயின்னு வாங்குவானா, அடைகாக்க வாங்குவானா?"

இருட்டும் வரைக்கும் செபஸ்தியம்மாளும் லூர்துநாதனும் தட்டுத்தட்டாக உட்கார்ந்து இறகு பொறுக்கினார்கள். பொறுக்கியதில் பாதி கருகியிருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில், மடியில் கிடந்த பை ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் வற்றியும், பாலில்லாத மடி மாதிரி தொங்கியது. மணம் மட்டும் பஸ்ஸெல்லாம் பரவியது. "யாருப்பா பாயாசம் கொண்டு போறது?" என்று கண்டக்டர் கேட்டார்.

"இப்பவாச்சும் விடு செபஸ்தி," என்றார் லூர்துநாதன்.

செபஸ்தியம்மாள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அறுத்த வயலில் வாத்துக்கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அவள் கண்ணில் வெளிச்சம் வந்தது. லூர்துநாதன் அதைப் பார்த்துவிட்டு, "மாதாவே, வேண்டாம்," என்றார்.

மறுநாள் காலையில் அவள் வரப்பில் நின்றாள்.

"அண்ணே, இறகு வேணும்," என்றாள் வாத்து மேய்க்கிறவரிடம்.

"கறிக்கா ஆத்தா?"

"இல்லண்ணே. குளிருக்கு."

அவர் வாத்துகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அதுகளும் குளிருக்குத்தான் போட்டிருக்கு."

"கீழ உதுந்ததைக் குடுங்க, போதும்."

பட்டி போட்டிருந்த இடத்தில் உதிர்ந்து கிடந்ததை ஒரு உரச்சாக்கு நிறையக் கொடுத்தார். அலசிக் காயவைத்து ஓட்டை வழியாகத் திணித்து, ஓட்டையை ஒட்டுப்போட்டுத் தைத்தாள். பிறகு ஹாலில் பையை விரித்து உள்ளே புகுந்து ஜிப்பை இழுத்தாள்.

வாத்தின் வயிற்றில் இருக்கிற பூப்போன்ற மெல்லிறகு வேறு, வாலில் உதிர்கிற இறகு வேறு என்பது அப்போது தெரிந்தது. ஒவ்வொரு இறகுக்கும் ஈட்டி மாதிரி ஒரு காம்பு. "ஐயோ!" என்று இந்தப் பக்கம் புரண்டாள், அந்தப் பக்கம் குத்தியது. அந்தப் பக்கம் புரண்டாள், முதுகில் ஏறியது. கடித்துத் துப்பிய ஜிப் வேறு மாட்டிக்கொண்டது.

"என்னங்க! இழுங்க!"

லூர்துநாதன் நாற்காலியை விட்டு எழவில்லை. சுவரில் மாட்டியிருந்த புனித செபஸ்தியார் படத்தையும், உடம்பெல்லாம் அம்பு தைத்தபடி அவர் மரத்தோடு நிற்பதையும், கீழே கிடக்கிறவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஒனக்குப் பேரு வச்சவுக சும்மா வைக்கல செபஸ்தி."

"சிரிக்காம இழுங்க!"

அந்த நேரம் பார்த்து ஜெசியின் போன் வந்தது. பைக்குள் கிடந்தபடியே காதில் வைத்தாள்.

"மதினி, படுக்கைப் பை கெடச்சுச்சா? ஜோஷ்வா கேக்கச் சொன்னான்."

"கெடச்சுச்சு ஜெசி. பத்தி... ஆ! பத்திரமா இருக்கு."

"என்ன மதினி, கத்துறீக?"

"ஒண்ணுமில்ல, கொசு."

"இங்கன சீசரு ஒழுங்காச் சோறு திங்க மாட்டேங்கிறான் மதினி. ராத்திரியெல்லாம் ஊளை வேற. டாக்டர்ட்ட காட்டணும் போல."

"கருவாடு போட்டுப் பாரு," என்று சொல்லிப் போனை வைத்தாள். ஆளுக்கு ஆள் ஒரு கஷ்டம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி போடிக்கு பஸ் ஏறினாள். இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படுக்கிற சாமான் எதுவானாலும் கட்டி தட்டினால், குத்தினால், அமுங்கினால் போடியில் மெத்தைக் கடைக்குக் கொண்டுபோவார்கள். பிரித்து, பஞ்சைத் தட்டி, புதுசு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இலவ மரம் நிற்கிற ஊர்ப்பக்கம் வேறு எப்படி யோசனை போகும்?

மெத்தைக் கடைக்காரர் அம்மாவாசிக்குத் தொண்டை பெரிது. பையை வாங்கி எடை பார்ப்பது போல் தூக்கிப்பிடித்தார்.

"என்னா டீச்சர் இது? ரவிக்கை தச்ச மெத்தையா?"

"ஸ்லீப்பிங் பேக்கு. உள்ள இருக்கிறது வாத்து இறகு. குத்துற இறகை மட்டும் எடுத்துட்டு, பூப்போல இருக்கிறதை அப்படியே விட்டுருங்க. வேற ஒண்ணும் பண்ணிராதீக."

"சரி சரி. எதுத்த கடையில ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

டீ சூடாக இருந்தது. கூடவே ஒரு வடையும் தின்றாள். திரும்பி வந்தபோது கடை வாசலில் ஒரு குப்பை மேடு கிடந்தது. பை வயிறு நிறைந்து திண்டு போல உட்கார்ந்திருந்தது. அம்மாவாசி கடைசித் தையலைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயய்யோ! என்ன பண்ணீக?"

"என்ன பண்ணேனா? இலவம்பஞ்சு போட்டேன். மெத்தைன்னா இலவம்பஞ்சு. மத்ததெல்லாம் சாக்கு."

"இறகு எங்க?"

"எந்த இறகு? எடுத்துப் பாருங்க இதை. குத்துறது பாதி, கருகுனது கால்வாசி. மிச்சம் பூராம் மசிரு, செம்பட்டை மசிரு. வாத்துக்கு ஏது டீச்சர் மசிரு?"

செபஸ்தியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்கா பாடம் நடத்துவது? "குளிர் தேசத்து வாத்துங்க அது. அங்க இருக்கிற கரடிக்கு எம்புட்டு முடி, மாட்டுக்கு எம்புட்டு முடி தெரியுமா? இயற்கை அது. குளிருக்கேத்த மாதிரி எல்லாத்துக்கும் மொளைக்கும்."

"பாருங்களேன்! மசிரு மொளைச்ச வாத்து!" என்று அம்மாவாசி பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அழுவதா திட்டுவதா என்று நின்றாள் செபஸ்தியம்மாள். விடிந்தால் சனிக்கிழமை. குப்பையை அள்ளித் திணிக்க நேரமில்லை. பையை ஒரு பார்வை பார்த்தாள். அமுக்கிப் பார்த்தாள். மெத்தென்றுதான் இருந்தது.

"கட்டுங்க," என்றாள். "நல்லா அமுக்கிக் கட்டுங்க. இனி இதுல சாகுறதுக்கு ஒண்ணுமில்ல."

வீட்டுக்குள் அது வாசல்படியில் சிக்கி நுழைந்தபோது லூர்துநாதன் சொன்னார்: "மைனஸ் பத்து தாங்குதோ என்னமோ, பத்துப் பேரைத் தாங்கும்."

"நாளைக்கு நான் ஒருத்திதான் தூங்கப்போறேன்."

சனிக்கிழமை போடிமெட்டில் ஜீப் நின்றதும் ஈஸ்வரபாண்டி எல்லோர் சாமானையும் பார்த்துக்கொண்டே வந்தான். மற்றவர்களின் பை சொரைக்காய் அளவுக்குச் சுருங்கி முதுகில் தொங்கியது. செபஸ்தியம்மாளை முன்னாலிருந்து பார்த்தால் டீச்சர். பின்னாலிருந்து பார்த்தால் மெத்தைக்குக் கால் முளைத்து நிற்கிறது போல் இருந்தது.

"மேடம், இது...?"

"ஸ்லீப்பிங் பேக்."

"யானைக்கா?"

"விதியில அளவு போடலையே தம்பி. நானே தூக்கணும், நானே தூங்கணும், தும்மாம எந்திரிக்கணும். அம்புட்டுத்தான?"

ஈஸ்வரபாண்டி அடுத்த ஆள் பையைப் பார்க்கப் போனான். குழுவில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மரத்தைப் பார்த்தார்கள்.

ஏற்றத்தில் எல்லோரும் அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் அவசரப்படவில்லை. பரீட்சை ஹாலில் வரிசை வரிசையாக நடக்கிற அதே நடை. மூச்சு வாங்குகிறபோது மெத்தையோடு மரத்தில் சாய்ந்துகொண்டாள். அந்த வசதி வேறு யாருக்கும் இல்லை. ஏலத்தோட்டத்துக்குக் கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தாள். ஆனால் சேர்ந்துவிட்டாள்.

இருட்டுகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கூடாரங்கள் ஒழுகின. கீழே தண்ணீர் ஓடியது. எல்லோரும் அவரவர் பைக்குள் புகுந்துகொண்டார்கள்.

விடியும்போது அடுப்படிக் கொட்டகையில் ஒரு கூட்டம் நனைந்த கோழிகளாகக் குந்தியிருந்தது. ஒரே பல் கிடுகிடுப்பு. உசந்த இறகுப் பைகளெல்லாம் தண்ணீர் குடித்துப் பிழிந்துபோட்ட துணியாகக் கிடந்தன.

"டீச்சர் எங்கப்பா?" என்றான் ஈஸ்வரபாண்டி, வெலவெலத்துப்போய்.

கூடாரத்துக்குள் குறட்டைச் சத்தம் கேட்டது. இலவம்பஞ்சு தண்ணீர் குடிக்காது. கீழே ஓடிய தண்ணீரில் லேசாக மிதந்தபடி, கழுத்து வரைக்கும் ஜிப் போட்டு, ஏலக்காய் மணக்க மணக்க செபஸ்தியம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மேடம்! மேடம்!"

"பெல் அடிச்சிருச்சா?" என்று கண்ணைத் திறந்தாள்.

ஈஸ்வரபாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எந்திரிங்க மேடம். நீங்க... நீங்க பாஸு!"

அப்போதுதான் அது நடந்தது. அம்மாவாசியின் கடைசித் தையல் எங்கோ விட்டிருந்தது. ஒரே ஒரு பஞ்சுப் பிசிறு மெதுவாகக் கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி, அவள் மூக்குக்கு நேராக இறங்கியது. செபஸ்தியம்மாள் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிக்கொண்டாள். கண் சிவந்தது. தோள் குலுங்கியது.

"என்னாச்சு மேடம்? அழுறீங்களா?"

"பேரை... எழுது."

"எழுதிக்கலாம் மேடம், மொதல்ல ஒரு டீ..."

"எழுதுலே!"

முப்பது வருஷக் குரல் அது. அவன் போனை எடுத்து அவள் பெயரை அடித்தான்.

"ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு மேடம். க்ரூப்லயும் போட்டாச்சு."

செபஸ்தியம்மாள் விரலை எடுத்தாள். அந்தத் தும்மலில் ஏலச்செடியில் தங்கியிருந்த மழைத்தண்ணீரெல்லாம் உதிர்ந்தது.

"மேடம், இது என்ன பிராண்டு?" என்று டீக்கு நடுவில் ரகசியமாகக் கேட்டான் ஈஸ்வரபாண்டி.

"போடி," என்றாள்.

சீட்டுக் கிடைத்துவிட்டது. ஆனால் பஸ்ஸில் வரும்போது அவள் மனது குதிக்கவில்லை. மடியில் அந்தப் பை இருந்தது. யாருக்கும் கொடுக்காததை நம்பிக் கொடுத்தவன் முகத்தில் எப்படி முழிப்பது?

"அவனுக்கென்ன தெரியப்போகுது? பெஞ்சு மேல போட்டுட்டு வந்துரு," என்றார் லூர்துநாதன்.

"பிள்ளைகளைப் பொய் சொல்லக் கூடாதுன்னு அடிச்ச கைங்க இது. போயி நேராச் சொல்லப்போறேன். திட்டுனா வாங்கிக்கிறேன்."

கொச்சியிலிருந்து ஜோஷ்வா வந்த அன்றைக்கே பையைச் சுமந்துகொண்டு தேனிக்குப் போனாள். கேட்டைத் திறந்ததும் சீசர் பாய்ந்து வந்து அவளைச் சுற்றிச் சுற்றிக் குதித்தது. வாலை ஆட்டிய ஆட்டில் உடம்பே ஆடியது. கருவாடு போட்ட கையை மறக்கவில்லை.

ஹாலில் ஜோஷ்வா உட்கார்ந்திருந்தான். பையை அவன் முன்னால் இறக்கிவைத்தாள். அவன் கண் விரிந்தது.

"அத்தை, இது..."

"குறுக்க பேசாத. முழுசாச் சொல்லி முடிச்சிர்றேன். துவைக்காதன்ன, துவைச்சேன். முறுக்காதன்ன, ஒங்க மாமாவையும் சேத்துக்கிட்டு முறுக்குனேன். சூட்டுல காட்டாதன்ன, ஏலக்கா ஸ்டோருல போட்டு ஓட்டை போட்டேன். உள்ள வாத்துப் பட்டி இறகைத் திணிச்சேன். அப்புறம் அதையும் எடுத்துட்டு இலவம்பஞ்சு அடைச்சுட்டாக. ஒன் வாத்து இறகு ஒண்ணு மிச்சமில்லடா. அமுக்கிக் கட்டி மலைமேல தூக்கிட்டுப் போயி அதுக்குள்ளயே படுத்துத் தூங்கி, சீட்டும் வாங்கிட்டேன். சத்தியமாச் சொல்றேன், பொறந்ததுல இருந்து அப்படி ஒரு தூக்கம் தூங்குனதில்ல. இப்பத் திட்டு."

ஜோஷ்வா திட்டவில்லை. வாய் திறந்தபடி பையைப் பார்த்தான், பின்கட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் மனசு உடைந்துவிட்டது என்று நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது.

காப்பித் தம்ளரோடு அடுப்படியிலிருந்து வந்த ஜெசி, நடுஹாலில் கிடந்ததைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"ஏன் மதினி, ஒங்களுக்குக் குடுக்கச் சொன்னது பின்ரூமு பீரோவுல தொங்கவிட்டமேனிக்கு இருக்கே, சீசரு படுக்கிற பழைய பையத் தூக்கிட்டுப் போயா தூங்குனீக?"